திருமண வரவேற்பில் விருந்தினரை மகிழ்வித்தல்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானவுடன் பல கேள்விகள் எழுகின்றன. முகூர்த்தம் என்றைக்கு, சமையற்காரர் யார், மண்டப வாடகை எவ்வளவு, ஊரிலிருந்து வருவோரை எங்கே தங்கவைப்பது என்பனவெல்லாம் நம் பாட்டன்மாரும் கேட்ட கேள்விகளே. அவர்கள் கேட்டறியாத கேள்வி ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. "மாலை வரவேற்பில் வந்தவர்களுக்கு என்ன வைக்கப் போகிறீர்கள்?" என்பதே அது.

தில்லியிலும் லூதியானாவிலும் இந்தோரிலும் இக்கேள்விக்கு ஆயத்தமான விடை உண்டு. டி.ஜே. என்று சொல்லப்படும் ஒலிக்கருவிக்காரர் ஒருவர் வருவார். வண்ண விளக்குகள் சுழலும். இளைஞர் முதல் முதியவர் வரை எழுந்து ஆடுவர். அவ்வூர் மக்களுக்கு அது இயல்பாக வருகிறது. பார்க்கவும் அழகாகவே இருக்கிறது. நம் வீட்டாருக்கோ அது வருவதில்லை. சிலருக்குக் கூச்சம், சிலருக்கு முழங்கால் வலி, சிலர் வீட்டில் ஆண்டு முடியாத துக்கம், சிலருக்குச் சமய ஒழுக்கம் இடங்கொடாது, சிலருக்கு ஒரு காரணமும் இல்லை, விருப்பமில்லை, அவ்வளவுதான். இவற்றுள் எதற்கும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆயினும், "ஆட்டம் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ, அலுவலகத்து நண்பர்கள் சலித்துப் போவார்களோ" என்ற கவலை பெண்ணைப் பெற்றவர் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அக்கவலையால் கடன் வாங்கி ஒலிக்கருவிக்காரரை அமர்த்திவிட்டுத் தம் மகளின் வரவேற்பிலேயே தாம் ஒரு மூலையில், பேச்சுக் காதில் விழாத இரைச்சலில், விருந்தாளியைப்போல் உட்கார்ந்திருந்த தமிழர் பலர். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஒன்றரை நாள், இரண்டு நாள் ரயிலில் வந்த அத்தைமாரும் பெரியப்பாமாரும் அவர்களருகே மௌனமாக அமர்ந்திருந்தனர். இது சிறிய குறை அன்று.

ஆடலின்றிக் கல்யாணம் நடத்தலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதுமன்று. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் அது பத்திரிகைகளில் சூடாக விவாதிக்கப்பட்ட கேள்வி. அக்காலத்துச் செல்வர் வீட்டுக் கல்யாணங்களில் இருவகை மேளங்கள் இடம்பெற்றன. நாயனமும் தவிலும் பெரிய மேளம். சதிர் என்னும் நடனம் சின்ன மேளம். 1893ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த சமூக சீர்திருத்தக்காரர்கள், சதிர் நடைபெறும் வைபவங்களுக்குச் செல்லலாகாது என்று வைஸ்ராய்க்கும் மாகாண கவர்னருக்கும் விண்ணப்பம் செய்துகொண்டனர். அவர்கள் இருவரும் அதற்கு இசையவில்லை. ஆனால் ஊரார் மனம் மெல்ல மெல்ல மாறியது. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கல்யாணப் பந்தலிலிருந்து சின்ன மேளம் விலகி வந்த இடத்தை வாய்ப்பாட்டுக் கச்சேரி பிடித்துக்கொண்டது.

அந்த மாற்றத்தில் நன்மையோடு ஒரு கொடுமையும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சீர்திருத்தம் பேசியவர்களில் பலர் கலையையும் அதைப் பயின்ற பெண்களையும் சேர்த்தே இழிவுபடுத்தினர். பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்கள் பிழைப்பிழந்தன. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறியதும், பாலசரஸ்வதி (1918–1984) தம் முன்னோரின் கலையை உலக அரங்குகளில் நிலைநாட்டியதும் பின்னாளைய வரலாறு. ஆகவே, "எங்கள் வீட்டு வரவேற்பில் ஆட்டம் இல்லை" என்று நாம் இன்று சொல்லும்போது அதில் ஆடுபவரைக் குறைத்துப் பேசும் தொனி கலந்துவிடக் கூடாது. பஞ்சாபிச் சம்பந்தியிடம் அத்தொனியில் பேசினால் உறவு தொடங்குமுன்னரே கசந்துவிடும். எங்களுக்கு வேறு வகையில் மகிழ்விக்கத் தெரியும் என்று காட்டுவதே செய்யத்தக்கது. அப்படிக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

விடை காணுமுன் வரவேற்பு என்னும் நிகழ்ச்சியைச் சற்று உற்றுநோக்க வேண்டும். மொழிபெயர்ப்பையே அன்றாடப் பணியாகக் கொண்ட எனக்கு இச்சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வியப்பு எழும். ரிசப்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வரவேற்பு என்று எழுதிவிடுகிறோம். வரவை ஏற்பது என்றால், வருகிறவரை நோக்கி வீட்டுக்குரியவர் நடந்து செல்வது. இன்றைய ரிசப்ஷனிலோ மணமக்கள் மேடையில் அசையாமல் நிற்கிறார்கள். வந்தவர்தாம் வரிசையில் நின்று அவர்களிடம் செல்கிறார். சொல் ஒரு திசையிலும் செயல் எதிர்த்திசையிலும் போகின்றன.

நம் பழைய கல்யாணத்தில் தனியாக ஒரு வரவேற்பு இருந்ததில்லை. கல்யாணமே நான்கைந்து நாள் நடந்தது. வந்தவர் அத்தனை நாளும் தங்கினர். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், ஊஞ்சல், நலங்கு, இரவில் நாயனம், பகலில் திண்ணையில் சீட்டும் தாயமும், அடுக்களையில் வம்பும் சிரிப்பும் என்று மகிழ்ச்சி தானாகவே பரவிக் கிடந்தது. நாட்கள் சுருங்கி ஒன்றரை நாளாயிற்று. பெருநகரங்களில் சிலருக்கு மாலை மூன்று மணி நேரம் மட்டுமே மிஞ்சியது. அந்த மூன்று மணிக்குள் புகைப்படமும் பரிசும் சாப்பாடும் இடம்பிடித்துக்கொண்டன, மற்றவை உதிர்ந்துபோயின. வரவேற்பில் சலிப்புத் தட்டுவதற்குக் காரணம் ஆட்டம் இல்லாமை அன்று, இந்தச் சுருக்கமே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நானூறு பேர் வருகிறார்கள். நால்வர் கொண்ட குடும்பங்கள் நூறு என்று கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் மேடையேறி, கைகுலுக்கி, உறையைக் கொடுத்து, புகைப்படத்துக்கு நின்று இறங்க ஒரு நிமிடம் ஆகுமானால் மொத்தம் நூறு நிமிடம். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குச் சற்று முன்வரை மணமக்கள் நிற்கிறார்கள், வரிசையும் நிற்கிறது. இந்த நிலையில் எவ்வளவு உயர்ந்த கச்சேரி வைத்தாலும் அது வரிசையில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கும். ஆதலால் வரிசையைக் கலைப்பதே முதல் உபாயம். மேடையில் நிற்கும் நேரத்தை முக்கால் மணியோடு நிறுத்திவிடலாம். முதியவர்களையும் தொலைவிலிருந்து வந்தவர்களையும் அந்நேரத்துக்குள் அழைத்துவிட்டு, பிறகு மணமக்களே இறங்கி நாற்காலி நாற்காலியாகச் செல்லட்டும். புகைப்படக்காரர் பின்னால் வரட்டும். எண்பது வயதுப் பாட்டியோடு மேடையில் எடுத்த படத்தைவிட, அவள் நாற்காலியருகே பேரனும் புது மருமகளும் குனிந்து பேசும் படம் நன்றாகவே அமையும்.

வரிசை கலைந்தபின் மிஞ்சும் நேரத்தில் என்ன செய்வது? என் கருத்தில் முதலிடம் நலங்குக்கே. இதைப் பலர் வீட்டுக்குள் பெண்கள் மட்டும் செய்யும் சடங்கு என்று ஒதுக்கிவிட்டனர். ஆனால் விருந்தினர் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஏற்பட்டதுபோல் அமைந்த விளையாட்டு அது. மணமகள் மணமகனைப் பாட்டுப் பாடி அழைக்கிறாள். இருவரும் பாயில் எதிரெதிரே அமர்ந்து தேங்காயை உருட்டுகிறார்கள், பூச்செண்டை எறிந்து பிடிக்கிறார்கள், அவன் காலுக்கு அவள் நலங்கு இடுகிறாள், கண்ணாடி காட்டுகிறாள், தலை சீவிவிடுகிறாள். கடைசியில் ஒருவர் தலையைச் சுற்றி மற்றவர் அப்பளத்தை நொறுக்கும்போது சபை முழுதும் இரு கட்சியாகப் பிரிந்து கூச்சலிடும். வேறு சில வகுப்பாரிடம் குடத்து நீரில் மோதிரம் போட்டுத் துழாவி எடுக்கும் வழக்கம் உண்டு. கை உள்ளே போனதும் யார் எடுப்பார் என்று குழந்தைகள் குடத்தைச் சூழ்ந்துகொள்வர். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பாய், இரண்டு தேங்காய், ஒரு கட்டு அப்பளம், ஒரு குடம். இடமும் ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடிதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இதை உயர்ந்த மேடையில் வைக்கக் கூடாது. தரையில் ஜமக்காளம் விரித்து, சுற்றிலும் மக்கள் நெருங்கி உட்காரும்படி வைத்தால்தான் களைகட்டும்.

நலங்கோடு சேர்ந்தது ஏசல். சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பெண்கள் பாடும் பாட்டுக்கள் அவை. சம்பந்தியம்மாள் காப்பியில் சூடு போதவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதும், மாப்பிள்ளையின் மாமா பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்டதும் அன்றைக்கே பாட்டாகிவிடும். இது நம்முடைய தனிச்சொத்து என்று நாம் நினைப்பதுண்டு. வெளிமாநிலத்தில் வாழ்வதன் பயன்களில் ஒன்று, அவ்வெண்ணம் தவறென்று அறிவது.

உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கல்யாண விருந்தின்போது பெண்கள் பாடும் ஏசல் பாட்டுக்குக் காரி என்று பெயர். வசை என்பதே அதன் பொருள். துளசிதாசர் தம் ராமசரிதமானஸில் சீதையின் கல்யாண விருந்தை வருணிக்கும்போது, மிதிலைப் பெண்கள் ஆண் பெண் பெயர்களைச் சொல்லிச் சொல்லி வசை பாடுவதையும், தசரத மன்னர் தம் கூட்டத்தோடு சிரித்துக்கொண்டே உண்பதையும் பாடியிருக்கிறார். அயோத்தி மன்னருக்கே கிடைத்த உபசாரம் அது. பஞ்சாபில் இதே பாட்டுக்குச் சிட்டணி என்று பெயர். குஜராத்தில் ஃபடாணா. அசாமில் பியா நாம் என்னும் கல்யாணப் பாட்டுக்களில் ஜோரா நாம் என்ற ஒரு பிரிவே கேலிக்கென்று உண்டு. வங்காளத்தில் கல்யாண இரவு மணமக்களைத் தூங்கவிடாமல் தோழர் தோழியர் பாடியும் கிண்டல் செய்தும் பொழுதைப் போக்கும் அறைக்குப் பாசர் கர் என்று பெயர். மராட்டியத்து உகாணே இன்னும் நயமானது. கணவன் பெயரைச் சொல்லக் கூசும் மனைவி, அப்பெயரை எதுகை பொருந்திய ஈரடிப் பாட்டுக்குள் பொதிந்து சபையில் சொல்ல வேண்டும். இப்போது மணமகனும் சொல்கிறான். கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் நம் பாட்டிமாரிடமும் இருந்ததால் இந்த விளையாட்டின் சுவை தமிழ்ப் பெண்களுக்கு உடனே விளங்கிவிடும்.

சங்கீத் என்று இன்று ஆட்ட நிகழ்ச்சியாகப் பெருகியிருக்கும் பஞ்சாபி வழக்கத்தைக்கூடப் பாருங்கள். பெயரே பாட்டைத்தான் குறிக்கிறது. பெண்கள் ஒரு டோலக்கைச் சுற்றி உட்கார்ந்து, அதன் கட்டையில் கரண்டியால் தாளம் தட்டிக்கொண்டு மாலை முழுதும் பாடுவது அதன் பழைய உருவம். ஆகவே, உங்கள் சம்பந்தி எந்த மாநிலத்தவராயினும் அவர் வீட்டிலும் ஒரு பாட்டிக்கு இப்பாட்டுக்கள் தெரிந்திருக்கும். வரவேற்பில் இந்தப் பக்கம் நம் பெண்கள், அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுப் பெண்கள், நடுவே ஒரு டோலக், ஒரு கஞ்சிரா. மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் ஏசல். ஆட வேண்டியதில்லை, குரல் இனிமையும் கட்டாயமில்லை, பல்லில்லாத வாய்க்கும் இதில் இடம் உண்டு. இரு வீட்டாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இதில் வேண்டிய எச்சரிக்கை ஒன்றே. நிறம், உடற்குறை, சாதி, கொடுத்த சீர், வாங்காத சீர், முன்பு முறிந்த சம்பந்தம் ஆகியவை பாட்டில் தலைகாட்டக் கூடாது. தூக்கம், பசி, காப்பி, கஞ்சத்தனம், மூக்குக் கண்ணாடி, ரயிலைத் தவறவிடுதல் போன்ற எல்லாருக்கும் பொதுவான குறைகளே போதும். யாரை ஏசப் போகிறோமோ அவரிடம் முதல் நாளே ஜாடையாகச் சொல்லி இசைவு பெற்றுவிடுவது நல்லது. பெரும்பாலும் தம்மைப் பாடவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருபவரே மிகுதியாக இருப்பர்.

வேற்றுமொழி விருந்தினருக்கு இது எப்படி விளங்கும் என்று கேட்கலாம். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துச் சொல்ல முற்படுவதுதான் இங்கே பலர் செய்யும் பிழை. நகைச்சுவை, மொழிபெயர்க்கப்படும்போது முதலில் இறந்துபோவது. பாட்டு தொடங்குமுன் இரண்டே வாக்கியம் போதும்: "இப்போது மணமகளின் சித்தி, மாப்பிள்ளையின் தாத்தா குறட்டை விடுவதைப் பற்றிப் பாடப்போகிறார். தாத்தா மூன்றாம் வரிசையில் இருக்கிறார்." இவ்வளவும் இந்தியிலோ வங்காளியிலோ மராட்டியிலோ சொல்லிவிட்டால் மற்றதைத் தாத்தாவின் முகம் விளக்கிவிடும். நலங்கும் அவ்வாறே. சடங்கின் தத்துவத்தை விரித்துரைக்கும் சொற்பொழிவாளரை மேடைக்கு அருகில் விடாதீர்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து அம்மொழியை அவ்வூரார்போலப் பேசும் பெண்ணோ பையனோ நம் குடும்பங்களில் கட்டாயம் இருப்பார். அறிவிப்பை அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இனி நாயனம். மண்டபத்துக்குள் ஒலிவாங்கியை நாயனத்தின் முன் நிறுத்தி, அந்த ஒலியைப் பெட்டிகளின் வழியே பெருக்கி, பேசுவோர் காதைப் பிளக்கச் செய்வதே இன்று பல இடங்களில் காணும் காட்சி. அது நாயனத்துக்குச் செய்யும் நீதி ஆகாது. திறந்த வீதியில் ஊரெல்லாம் கேட்கப் பிறந்த வாத்தியத்துக்கு ஒலிவாங்கி எதற்கு? குழுவை வாயிலில் அமர்த்துங்கள். வருகிறவர் வாகனத்திலிருந்து இறங்கும்போதே இசை எதிர்கொள்ளட்டும். உட்கார மேடையும் கம்பளமும் போட்டுத் தாருங்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நாயனக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து, மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை நிலைநாட்டினார். அவர் காலத்தில்தான் குட்டையான, உச்சச் சுருதி கொண்ட திமிரி நாயனத்துக்குப் பதிலாக, நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனம் பரவியது. மண்டபத்தை ஒட்டி வாசிக்கப் பாரியே ஏற்றது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வடநாட்டு விருந்தினருக்கு இவ்வாத்தியத்தை அறிமுகம் செய்வது கடினமன்று. கல்யாண வாசலில் ஒலித்த ஷெனாயைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தி 2001இல் பாரத ரத்னா பெற்ற பிஸ்மில்லா கானை அறியாதவர் அங்கே இல்லை. "எங்கள் ஊர் ஷெனாய், சற்றுப் பெரிய குரல்" என்றால் புரிந்துகொள்வார்கள். அரை மணி நேரம் தவில்காரருக்குத் தனி இடம் கொடுங்கள். சொல்லே இல்லாத அந்தத் தாளக் கணக்கு எம்மொழிக்காரரையும் நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்துவிடும். தமிழர் கோயில்கள் உள்ள நகரங்களில் கோயிலில் விசாரித்தால் குழு கிடைக்கக்கூடும். ஊரிலிருந்து வரவழைப்பதானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பாட்டுக் கச்சேரி வைப்போர் அநேகர். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்து வருஷம், பதினைந்து வருஷம் பயின்ற ஒருவரை அழைத்து, மூலையில் உட்காரவைத்து, முந்நூறு பேர் உரக்கப் பேசிக்கொண்டிருக்கப் பாடச் சொல்வது எவ்வகை மரியாதை? கேட்பவர் இருந்தால் கச்சேரி வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். வைப்பதானால், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) செப்பனிட்ட கச்சேரி முறையில் இறுதிக்கென்று ஒதுக்கப்படும் துக்கடாக்களை முன்னுக்குக் கொண்டுவந்து, நாற்பது நிமிடத்தில் முடியும்படி அமைத்துக்கொள்ளலாம். அந்நாற்பது நிமிடமும் மேடையில் வாழ்த்து வரிசை இருக்கக் கூடாது. மணமக்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். அவர்கள் கேட்டால் மற்றவரும் கேட்பர். பேச்சு நடக்கட்டும், மெல்லிய இசை பின்னணியில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு வீணையோ புல்லாங்குழலோ தக்கது. அதையும் வாசிப்பவரிடம் முன்பே சொல்லி, அவர் சம்மதித்தபின் அழைப்பதே முறை.

தென்மாவட்டத்தார் மறந்துவிட்ட நிதி ஒன்று உண்டு: வில்லுப்பாட்டு. பெரிய வில், அதில் கட்டிய மணிகள், குடம், உடுக்கை, தாளம், நடுவில் கதை சொல்பவர், பக்கத்தில் "ஆமா" போடுபவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இளமையில் பயின்ற கலை இது. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றையே வில்லில் பாடினார். அவ்வளவு பெரிய கதைக்கு இடங்கொடுத்த வில், இரு குடும்பங்களின் கதைக்கா இடங்கொடாது? மணமகளின் தாத்தா எந்த ஆண்டில் எந்த வேலைக்காக வண்டியேறி வடக்கே வந்தார், இந்தி தெரியாமல் காய்கறிக் கடையில் என்ன பட்டார், முதற் குளிர்காலத்தில் எத்தனை போர்வை போர்த்தார், மணமக்கள் எங்கே சந்தித்தார்கள் என்பவற்றை அரை மணி நேரக் கதையாக்கிவிடலாம். தொழில்முறைக் கலைஞர் கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால் குடும்பத்தில் நான்கு பேர் ஒரு மாதம் பழகினால் போதும். "ஆமா" போடுபவரை மட்டும் மற்ற வீட்டிலிருந்து எடுங்கள். தமிழ் தெரியாத ஒரு வங்காளி மைத்துனன் இடம் தெரியாமல் "ஆமா" போடும்போது எழும் சிரிப்புக்கு ஈடு இல்லை. ஊரைவிட்டு வந்த கதை பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறதே என்று வருந்தும் முதியவர்களுக்கும் இது ஓர் ஆறுதல். அவர்கள் கதை அன்று நானூறு பேர் முன்னிலையில் சொல்லப்படுகிறது.

சிறுவர்களுக்கு ஓர் ஓரத்தில் பல்லாங்குழியும் தாயக்கட்டமும் போட்டு, அவர்களோடு உட்கார ஒரு பாட்டியையும் அமர்த்திவிட்டால் இரண்டு தலைமுறைக்கும் பொழுது போய்விடும். ராஜஸ்தானத்துக் கட்புத்லி பொம்மலாட்டக்காரர் கிடைக்கும் ஊர்களில் அவரையும் அழைக்கலாம்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் இந்துக் குடும்பங்களின் வழக்கங்கள். தமிழ் முஸ்லிம்களின் வலீமா விருந்தில் ஆட்டம் ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. அங்கே நாகூர் இ.எம். ஹனீபாவின் (1925–2015) கணீரென்ற குரல் இசைத்தட்டில் ஒலிக்கக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலந்தொட்டு வளர்ந்துவந்த கீர்த்தனைச் செல்வம் உண்டு. பாடகர் குழுவினர் நான்கு குரலில் பாட்டிசைக்கும் வழக்கத்தோடு அதையும் சேர்த்துக்கொள்வது அழகு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உபசாரம் உண்டு. அதற்கு வாத்தியம் வேண்டாம். பந்தி விசாரித்தல் என்று நம் பெரியோர் சொல்வர். இலை போட்டுப் பரிமாறும்போது வீட்டுக்குரியவர் பந்தியின் இருமருங்கும் நடந்து, ஒவ்வொருவரிடமும் நின்று, "ரசம் வந்ததா? அப்பா உடம்பு தேவலையா? இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்பது. தட்டைக் கையிலேந்தி நின்றுகொண்டே உண்ணும் இக்காலத்து முறையில் இது மறைந்தது. வங்காளத்தில் வரவேற்பு விருந்துக்கே பௌ பாத் என்று பெயர். புது மருமகள் தன் கையால் புக்ககத்தாருக்குச் சோறு பரிமாறுவதிலிருந்து வந்தது. மாற்று முகத்தைக் கண்டமாத்திரத்தில் விருந்தினர் வாடிவிடுவர் என்று அனிச்சமலரை உவமை காட்டிய வள்ளுவர் வகுத்த இலக்கணம் இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. நானூறு பேருக்கும் இலை போட இயலாவிட்டால், ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் முதியோருக்கும் மட்டுமாவது ஒரு பந்தி அமைத்து, மணமக்கள் கையால் ஓர் இனிப்பாவது பரிமாறச் செய்யலாம். வடநாட்டு நண்பர்கள் தாங்களும் இலையில் உட்காரவேண்டும் என்று கேட்பார்கள். இலை உபரியாக இருக்கட்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. புல்வெளியில் பந்தல் போடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஏசலும் நலங்கும் ஒலிபெருக்கி இல்லாமலே நடக்கக் கூடியவை. பத்து மணிக்குப் பிறகும் அண்டை வீட்டாரை எழுப்பாமல் தொடரலாம். இளைஞர்கள் தங்களுக்கு ஒரு மணி நேரம் ஆட்டம் வேண்டும் என்று கேட்டால் மூடிய பக்கத்து அறை ஒன்றை விட்டுக்கொடுத்துவிடுங்கள். பிடிவாதம் கல்யாண வீட்டுக்கு ஆகாது.

வாயிலில் சந்தனமும் கற்கண்டும் பன்னீரும் கொடுக்க நிற்பவர்கள், வந்தவர் பெயரறிந்து உள்ளே அழைத்துச் செல்லக் கூடியவர்களாக இருக்கட்டும். இரு வீட்டிலிருந்தும் இவ்விருவர் போதும். தாம்பூலப் பையில் தேங்காய் எதற்கென்று புரியாமல் விழிக்கும் நண்பருக்கு, அது வீட்டுக்கு எடுத்துப்போய் உடைத்துச் சமைக்கத்தான் என்று சொல்லி அனுப்புங்கள். நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் வில்லுப்பாட்டுக்காரருக்கும் சம்பாவனையைக் கூட்டம் கலைந்தபின் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி விடாமல், சபை நடுவே மணமக்கள் கையால் வெற்றிலை பாக்குடன் கொடுக்க வேண்டும். போக வர ரயில் செலவு அதில் அடங்காது, அது தனி.